அல்தெலா தரையில் இருந்த கோடை

புனித அல்தெலாவைப் பீடத்திலிருந்து இறக்கித் தரையில் வைத்து, மேலே முள்ளைப் போட்டது தப்பு. இறக்கியவர்களால் அவளைத் திரும்ப ஏற்ற முடியவில்லை.

ஏன் இறக்கினார்கள் என்றால், அந்தக் காலத்தில் மேற்கு நாட்டு மடங்களில் அது வழக்கம். கோட்டைக்காரர்கள் கையில் வாள் இருந்தது, துறவிகள் கையில் ஒன்றும் இல்லை. ஆகவே எவனாவது மடத்து நிலத்தைப் பிடுங்கிக்கொண்டால் அவர்கள் அவனிடம் போகமாட்டார்கள், தங்கள் புனிதரிடமே போய்ச் சண்டை போடுவார்கள். உன் வீட்டுச் சொத்தைக் காப்பாற்றாத நீ மேலே எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டு, எலும்பு இருக்கும் பேழையைக் கீழே இறக்கி, கோணியை விரித்து அதன்மேல் வைத்து, முட்செடி வெட்டிவந்து மூடி, விளக்கை அணைத்து, மணியின் நாக்கைக் கட்டி, புனிதருக்கு ரோஷம் வரும்வரை அப்படியே போட்டுவிடுவார்கள். ரோஷம் வந்தால் நிலம் திரும்பிவரும். பெரும்பாலும் வந்தது. அதனால் வழக்கமும் நிலைத்தது.

வால்மோரி என்பது மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடந்த ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஒரு சின்ன மடம், அதைச் சுற்றிக் கொஞ்சம் கோதுமை வயல், அதைச் சுற்றி ஒரு ஊர். அல்தெலா அந்த ஊருக்கு மட்டுமே புனிதை. ரோமாபுரியில் யாரும் அவள் பேரைக் கேள்விப்பட்டதில்லை. வாத்து மேய்த்தவள். பெருவெள்ளம் வந்தபோது ஊரையெல்லாம் மேட்டுக்கு விரட்டிவிட்டு, விடுபட்ட ஒரு வாத்தைத் தேடிக் கீழே இறங்கிப் போய்த் திரும்பாதவள். தண்ணீர் வடிந்த பிறகு கிடைத்தது ஒரு குதிகால் எலும்பும் சில பற்களும்தான். செப்புத் தகடு அடித்த ஒரு மரப்பேழைக்குள் அவை இருந்தன. பேழை ஒரு ரொட்டி அளவுதான் இருக்கும். ஆண்டுதோறும் கோடைத் திருநாளன்று மடாதிபதி அதை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வயல்களைச் சுற்றி வருவார், ஊர் பின்னால் பாடிக்கொண்டு வரும், அதற்குப் பிறகுதான் அரிவாளை எடுப்பார்கள்.

அந்த ஆண்டு வசந்தத்தில் கோட்டைக்கார ரெனூல் ஆற்றோரத்துப் புல்வெளியை வேலி போட்டு வளைத்துக்கொண்டார்.

"மாட்டுக்குப் புல் இல்லேன்னா பால் இல்லே, பால் இல்லேன்னா பாலாடைக்கட்டி இல்லே, பாலாடைக்கட்டி இல்லேன்னா தபசு காலம் முடிஞ்சும் நமக்குத் தபசுதான், சாமி," என்றார் உக்கிராணத்தைப் பார்த்துக்கொண்ட தீபோ. தீபோவுக்கு வயிறு பெரிது, கவலையும் அதற்குத் தகுந்த அளவு.

மடாதிபதி கெர்வாஸ் நல்ல மனிதர். கோபம் மட்டும் அவரைக் கேட்காமல் வந்துவிடும். "இறக்குங்க அவளை," என்றார்.

இறக்கினார்கள். முள்ளைப் போட்டார்கள். எல்லோரும் குப்புற விழுந்து ரெனூலைத் திட்டி, அல்தெலாவையும் கொஞ்சம் திட்டி, சாபச் சங்கீதம் பாடினார்கள். மறுநாள் காலையில் ரெனூல் தன் கையாலேயே வேலியைப் பிடுங்கிப் போட்டார். புனிதைக்குப் பயந்தாரா, இரவெல்லாம் ஓயாமல் பேசிய மனைவிக்குப் பயந்தாரா என்பது அவருக்கே தெரியாது. புல்வெளி திரும்பிவிட்டது. அவ்வளவுதான் வேண்டியது.

முள்ளை விலக்கி, சாம்பிராணி போட்டு, மணியின் நாக்கை அவிழ்த்து, நன்றிப் பாட்டைத் தொடங்கிவிட்டுக் கெர்வாஸ் குனிந்து பேழையைப் பிடித்தார். வரவில்லை. பாட்டு நடந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்தார். வரவில்லை. பாட்டு முடிந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

"அடியில பிசின் ஏதாவது ஒட்டியிருக்கா பாரு," என்றார் கெர்வாஸ் மெதுவாக.

"நேத்து நீங்கதானே வச்சீங்க?"

"நீ பிடி ஒரு பக்கம்."

தீபோ பிடித்தார். வயிறு குலுங்கியது, பேழை குலுங்கவில்லை. பிறகு தச்சர்கள் வந்தார்கள், நெம்புகோல் வந்தது, நெம்புகோல் வளைந்தது. ரெனூல் தன் போர்க்குதிரைகளை அனுப்பினார், அவை கோவிலுக்குள் சாணம் போட்டுவிட்டு வடத்தை அறுத்துக்கொண்டு போயின. உழவுமாடுகள் வந்தன, கல்தரையில் கால் வழுக்கி மண்டியிட்டன, பக்தி என்று சிலர் சொன்னார்கள். கடைசியில் பேழை அசையாதது மட்டுமல்ல, அடியில் இருந்த கல் விரற்கடை அளவு தாழ்ந்தும் போயிற்று. இழுக்க இழுக்க அவள் கனத்தாள். ஒரு குதிகால், சில பற்கள். எங்கிருந்து வந்தது அந்தக் கனம் என்று கேட்கக்கூடாது. வந்தது.

இப்போது ஒரு பெரிய சிக்கல் எழுந்தது. புனிதை தரையில் இருக்கும்போது அவளுக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு நிற்பது எப்படி? முதல் நாள் குனிந்து நின்று பாடினார்கள், முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் மண்டியிட்டார்கள், முட்டி தேய்ந்தது. பிறகு கெர்வாஸ் ஒரு முடிவுக்கு வந்தார்: அவள் ஏறமாட்டாள் என்றால் நாம் இறங்குவோம். பாடகர் இருக்கைகளின் கால்களை அறுத்தார்கள், சாப்பாட்டுக் கூடத்து மேசைகளின் கால்களை அறுத்தார்கள், கட்டில்களை வெளியே போட்டு வைக்கோலை விரித்தார்கள், மடாதிபதியின் செதுக்குவேலை நாற்காலியைத் தச்சர் அழுதுகொண்டே அறுத்தார், கெர்வாஸ் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முழங்கால் தாடையில் இடிக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டுத் தரையிலேயே சம்மணம் போட்டார். பூசைக்குப் பீடத்தின் கீழே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டார்கள். நடக்கவேண்டியவர்கள் தவழ்ந்தார்கள், தவழ முடியாதவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடினார்கள், உருண்டு போவதற்குத் தீபோ ஒருவருக்குத்தான் வசதி இருந்தது. அறுத்த கால்களையெல்லாம் அடுப்பில் போட்டு ரொட்டி சுட்டார்கள்; நல்ல ஓக் மரம், ரொட்டி மணத்தது.

ஊர் இதைக் கேட்டது, வந்து பார்த்தது, வியக்கவில்லை, பழகிக்கொண்டது. அதுவரை கோவிலில் துறவிகள் இருக்கும் பக்கம் ஒரு தடுப்புச் சுவர் உண்டு. ஊர்க்காரர்கள் அதற்கு இந்தப் பக்கம் நின்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார்கள். இப்போது எட்டிப் பார்த்தால் தலை உயர்கிறது, தலை உயர்ந்தால் மரியாதை போகிறது, ஆகவே தடுப்பை எடுத்துவிட்டார்கள். பெண்கள் நூற்புக் கதிரோடு வந்து அல்தெலாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள், கைக்குழந்தைகளைப் பேழைக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள், பட்டாணி உரித்தார்கள், துறவிகள் சங்கீதத்தில் ஒரு வரி பாடி மூச்சு விடும் இடைவெளியில் நேற்றுச் சந்தையில் நடந்ததை ஒரு வரி சொன்னார்கள், அந்த இடைவெளிகளில் முழுக்கதையும் கேட்டுவிடுவதற்காகத் துறவிகள் மூச்சை நீளமாக விடத் தொடங்கினார்கள். சாராயக் கடைக்காரன் தன் பெஞ்சுகளின் கால்களை அறுத்தான். குடித்துவிட்டு விழுகிறவர்களுக்கு அடிபடுவது நின்றது. ரெனூல் கோட்டை மாடியை விட்டுக் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தார். அவர் மனைவி மட்டும், "நான் ஏறித்தான் படுப்பேன், வேணும்னா அல்தெலா வந்து என்னைக் கேக்கட்டும்," என்று மாடியிலேயே இருந்தாள். அல்தெலா கேட்கவில்லை.

கோவில் வாசலில் ஓர்சோ என்று ஒரு பிச்சைக்காரர். தொடைக்குக் கீழே கால் கிடையாது. பலகையில் உட்கார்ந்து கையால் உந்தி நகர்வார். ஒரு நாள் மாலைச் செபத்துக்குத் தவழ்ந்து போன கெர்வாஸ் அவருக்கு நேர் எதிரே முகத்துக்கு முகம் வந்து நின்றார்.

"என்ன பார்க்கிறே, ஓர்சோ?"

"ஒண்ணுமில்லே சாமி. இத்தனை வருஷமா இங்கேயிருந்து பார்த்தா உங்க மூக்குத் துவாரம் மட்டுந்தான் தெரியும். கண்ணு நீலமுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

கெர்வாஸ் சிரித்தார். சிரித்தபடியே அங்கேயே உட்கார்ந்துவிட்டார்; மாலைச் செபம் அன்றைக்குத் தாமதம்.

மசெலினின் வெள்ளை வாத்து ஒன்று உள்ளே வந்து, பேழையின் செப்புத் தகடு இளஞ்சூடாக இருப்பதைக் கண்டுகொண்டு, அதை ஒட்டியே முட்டையிட்டு அடைகாத்தது. மசெலின் ஊரில் வாத்து வளர்ப்பவள், குரல் மணியைவிடப் பெரிது. கோணியில் அழுக்கு என்று ஒரு துறவி வாத்தைத் துரத்தப் போனார். "அவளே வாத்துக்காரிதானே சாமி, நீங்க எதுக்கு நடுவுல?" என்று கேட்டாள். அவர் வாத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினார். குஞ்சுகள் பொரிந்தன, பேழையைத் தாய் என்று எண்ணி அதன்மேல் ஏறிச் சறுக்கி விளையாடின. துறவிகள் பாடும்போது அவையும் கத்தின. சுருதி பரவாயில்லை.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அந்த வட்டாரத்து மடங்களுக்கெல்லாம் மேலான ஆயரிடமிருந்து ஆள் வந்தான்.

வந்தவன் குதிரையிலிருந்து இறங்காமலே சொன்னான்: திருநாளன்று ஆயர் ஆண்டகை வருகிறார், கூடவே ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய மடத்தின் தலைவரும் வருகிறார். தன் புனிதையைத் தானே எழுப்பத் தெரியாத மடம் மடம் இல்லை. அன்றைக்கு இந்த மடத்துத் துறவி ஒருவர் அவளை எடுத்து வயலைச் சுற்றி வந்து பீடத்தில் வைக்கவேண்டும். முடியாவிட்டால் நிலமும் மாடும் அக்கரை மடத்துக்கு. துறவிகளை ஊருக்கு ஒருவராகப் பிரித்து அனுப்பிவிடுவார்கள்.

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கெர்வாஸை அவருடைய அப்பா பால்பல் விழுந்த வயதில் இந்த மடத்து வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார். வெளியே இருக்கும் சாலை எங்கே போகிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியாது. எந்தச் சகோதரருக்குக் குளிர்காலத்தில் எந்தக் காது வலிக்கும், யார் அழுதுகொண்டே தூங்குவார், யாருக்கு ரொட்டியின் ஓரம் பிடிக்கும் என்பது தெரியும். அதைத்தான் பிரிக்கப் போகிறார்கள். அவர் கோபத்தில் சொன்ன ஒரு சொல்லால்.

அதற்குப் பிறகு அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். உண்ணாமல் கிடந்தார், வெட்டியெறிந்த முள்ளைத் தேடி எடுத்துவந்து தானே அதன்மேல் படுத்தார், மன்னிச்சிடு என்றார், எழுந்திரு என்றார், உன்னைத் தூக்கித்தான் ஆகணும் தாயே என்றார், உனக்கு வெள்ளிப் பேழை செய்து தருகிறேன் என்றார், இல்லாத வெள்ளிக்கு ஆசை காட்டியதற்காக மறுபடி மன்னிப்புக் கேட்டார். கல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

"அதிகமாப் பேசாதீங்க சாமி," என்றார் தீபோ. "நீங்க கெஞ்சக் கெஞ்ச அந்தம்மா எறங்கிட்டே போறாங்க. இன்னும் ரெண்டு மன்னிப்புக் கேட்டீங்கன்னா உக்கிராணத்துக்குள்ள வந்து விழுந்துடுவாங்க."

"உனக்கு விளையாட்டா இருக்கா?"

"இல்லே சாமி. பயமாத்தான் இருக்கு. எங்கே அனுப்புவாங்களோ, அங்கே யாரு சமையலோ."

 வாத்துக் குஞ்சு ஒன்று மடாதிபதியின் மடியில் ஏறித் தூங்கியது.

திருநாளுக்கு முந்தின நாள் ஒரு விருந்தாளி வந்தார். கறுப்பு அங்கி போட்ட ஒரு துறவி; ஆள் பெரிய உடம்பு, பாதம் தட்டை, முதுகில் ஒரு காலிச் சாக்கு. தூரப் பயணம், ஒரு நாள் தங்கிக்கொள்கிறேன் என்றார். விருந்தாளியைத் திருப்பி அனுப்ப மடத்துச் சட்டத்தில் இடமில்லை. கெர்வாஸ் வழக்கப்படி அவர் காலைக் கழுவிவிட்டு, கடைசிப் பாலாடைக்கட்டியில் பாதியைக் கொடுத்தார். விருந்தாளி சாப்பிட்டார், நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை.

திருடவந்த ஆள். இதையும் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்கவேண்டாம். அக்கரை மடத்தவர். அந்தத் தலைவருக்கு நிலமும் மாடும் மட்டும் போதவில்லை, அல்தெலாவும் வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு மடத்துப் புனிதரை இன்னொரு மடம் திருடிக்கொண்டு போவது குற்றமாக எண்ணப்படவில்லை. புனிதருக்கு இஷ்டமில்லையென்றால் தூக்கவே விடமாட்டார், தூக்க விட்டால் வர இஷ்டம் என்று பொருள், இதில் திருட்டு எங்கே என்று கேட்பார்கள். ஒன்றே ஒன்று: எடுப்பதற்கு முன் புனிதரிடம் கேட்கவேண்டும். கேட்காமல் எடுத்தால்தான் திருட்டு.

திருநாள் காலையில் கடைசி முயற்சி நடந்தது. எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள், ஓர்சோவும் பலகையை விட்டு இறங்கி இழுத்தார். நடக்கவில்லை. வயலைச் சுற்றி வருவது இல்லை என்று ஊர் புரிந்துகொண்டு அவரவர் வேலைக்குப் போயிற்று. உச்சி வெயிலில் துறவிகள் கொஞ்சம் படுப்பது கோடை வழக்கம். அழுத களைப்பும் சேர, கோவில் தரையிலேயே ஆளுக்கு ஒரு பக்கம் தூங்கிவிட்டார்கள். கெர்வாஸ் பேழைக்குப் பக்கத்தில், வாய் திறந்தபடி.

அக்கரைத் துறவி மெல்லத் தவழ்ந்து வந்தார். அந்த ஊரில் தவழ்வதை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். தீபோவின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு போய், பேழைக்கு முன்னால் குந்தினார். 

"அம்மா," என்றார் கிசுகிசுப்பாக. "என்னோட வர்றீங்களா? உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும். இல்லேன்னா நான் பாட்டுக்குப் போயிடுறேன், ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க."

அந்தக் கோடை முழுவதும் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கையை நீட்டித் தூக்கினார். ஒரு வாத்துக் குஞ்சின் கனம்தான் இருந்தது. சாக்கில் போடக் கூச்சமாக இருந்ததால் சாக்கை மேலே போர்த்தி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். வெயிலில் நின்று மூச்சு விட்டார். பிறகு இடப்பக்கம் திரும்பினார்; அங்கேதான் படகுத் துறை.

முழங்கால் மடங்கியது. பேழை மாவரைக்கும் கல்லாகக் கனத்தது. ஐயோ என்று வலப்பக்கம் ஒரு அடி வைத்தார், லேசாயிற்று. மறுபடி துறையைப் பார்த்தார், கனத்தது. கோதுமைப் பக்கம் பார்த்தார், லேசாயிற்று. படித்த துறவிதான், ஆனாலும் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு என்ன செய்யும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வேறு வழியில்லாமல் கோதுமைப் பக்கம் நடந்தார். பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினால், தாய் போகிறாளே என்று வெள்ளை வாத்தின் குஞ்சுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, அவற்றுக்குப் பின்னால் அவற்றைப் பெற்ற வாத்து, மிகுந்த கோபத்தோடு.

"டேய்! யாருடா அது! என் வாத்தை எங்கே ஓட்டிக்கிட்டுப் போறே?"

மசெலின். கையில் களைக்கொத்து.

"நான் வாத்து திருட வரலைம்மா!"

"பின்னே என்ன திருட வந்தே?"

அவர் சாக்கை இன்னும் இறுக்கிப் போர்த்தினார். மசெலின் ஓடிவந்து சாக்கைப் பிடித்து இழுத்தாள். செப்புத் தகட்டில் வெயில் பட்டது. அவள் களைக்கொத்தைக் கீழே போட்டாள், போட்ட கையாலேயே சிலுவை போட்டாள், பிறகு வாயைத் திறந்தாள். அந்தக் குரலைப் பற்றி முன்பே சொன்னேன்.

"எழுந்துட்டா! ஊருக்காரங்களே, அல்தெலா எழுந்துட்டா! சுத்தி வரா!"

களை எடுத்தவர்கள் களையோடு வந்தார்கள், துணி துவைத்தவர்கள் ஈரத்தோடு வந்தார்கள், சாராயக் கடையிலிருந்தவர்கள் பெஞ்சு தாழ்வாக இருந்ததால் எழ நேரமாகி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள், மசெலின் பாட்டை எடுத்தாள், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், முன்னால் அந்தப் பெரிய ஆள் வெளுத்த முகத்தோடு எந்தப் பக்கம் லேசாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நடந்தார், பேழை அவரைக் கோதுமை வழியே கொண்டுபோயிற்று, ஆலையைச் சுற்றிக் கொண்டுபோயிற்று, ரெனூல் பிடுங்கித் திருப்பித் தந்த புல்வெளியின் நடுவே கொண்டுபோயிற்று, கோட்டைச் சுவரோரமாகக் கொண்டுபோயிற்று, அங்கே மாடி ஜன்னலைத் திறந்து பார்த்த ரெனூலின் மனைவி, "சரி, இப்ப இறங்கறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து கூட்டத்தில் சேர்ந்தாள். சாக்கு நழுவி எங்கேயோ விழுந்துவிட்டது. மார்போடு அணைத்திருந்ததை அவர் தோளுக்கு உயர்த்தினார், இன்னும் லேசாயிற்று. தலைக்கு மேலே உயர்த்தினார், காற்றாயிற்று. அவள் அத்தனை உயரத்தில் இருந்ததால், வசந்தத்திலிருந்து குனிந்தே கிடந்த ஊர் முதல்முறையாக முதுகை நிமிர்த்தியது. எலும்புகள் சொடுக்கும் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. ரெனூல் ஓர்சோவைத் தூக்கித் தன் தோள்மேல் உட்காரவைத்துக்கொண்டார். "அடேயப்பா, என்னா உசரம்!" என்று ஓர்சோ கத்தினார். "ஊரு இத்தனை அழகா? யாரும் சொல்லவே இல்லையேடா!"

அந்தப் பெரிய ஆளும் எப்போது பாடத் தொடங்கினார் என்று தெரியவில்லை. பாடிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும் இருந்தார். நிறுத்தச் சொன்னால் நிறுத்தியிருக்கமாட்டார்.

சத்தத்தில் விழித்துக்கொண்ட கெர்வாஸ் பக்கத்தில் கையால் தடவினார். பேழை இல்லை.  மற்றவர்களை எழுப்பிக்கொண்டு வாசலுக்குத் தவழ்ந்து ஓடினார். அதே நேரத்தில் ஒரு பக்கம் ஆயரின் பல்லக்கும் குதிரைகளும் வந்து நின்றன, மறுபக்கம் ஊர் திரண்டு வந்தது. கெர்வாஸ் தலையை உயர்த்தி, அல்தெலா எங்கே இருக்கிறாள் என்று பார்த்தார். பிறகு மெல்ல, தூணைப் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்றார்.

பெரிய ஆள் யாரையும் பார்க்காமல் உள்ளே போய், படியேறி, பீடத்தின்மேல் பேழையை வைத்தார். மர மேசையில் ரொட்டியை வைத்தது போல் ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். வாத்துக் குஞ்சுகள் படியில் உட்கார்ந்துகொண்டன.

ஆயர் கிழவர். பல்லக்கில் வந்தும் களைத்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார்: கால் இல்லாத மேசைகள், பட்டாணித் தோல், வாத்து, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்த ஜனம், பீடத்தில் அல்தெலா.

"சொன்னது சொன்னதுதான்," என்றார். "இந்த மடத்துத் துறவி ஒருத்தர் அவளை எழுப்பியிருந்தா மடம் இருக்கும். யாரப்பா நீ? எந்த மடம்?"

 ஆயருக்குப் பக்கத்தில் நின்ற அக்கரைத் தலைவரின் முகம் சிவந்திருந்தது. "அவன் என்..." என்று தொடங்கினார்.

"உம்முடைய?" என்று திரும்பினார் ஆயர்.

என் மடத்து ஆள் என்று சொன்னால், உம்முடைய ஆளுக்கு இங்கே உச்சிப்பொழுதில் என்ன வேலை என்ற கேள்வி வரும். வால்மோரியின் ஜனம் முழுக்க அங்கே நின்றது. மசெலின் களைக்கொத்தைத் திரும்ப எடுத்து வைத்திருந்தாள். தலைவர் இருமினார். நீளமாக இருமினார். தொடங்கிய சொல்லை இருமலோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

பெரிய ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  கெர்வாஸ் அவரைப் பார்த்தார். தான் கழுவிய தட்டைப் பாதங்களைப் பார்த்தார், அவற்றில் வால்மோரி வயலின் சேறு அப்பியிருப்பதைப் பார்த்தார், வாசலில் யாரோ பொறுக்கிக்கொண்டுவந்து போட்டிருந்த காலிச் சாக்கையும் பார்த்தார். எல்லாம் புரிந்தது. கோபம் வரும் என்று தீபோ பயந்து அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டார். கோபம் வரவில்லை.

"எங்க மடந்தான், ஆண்டகை," என்றார் கெர்வாஸ். "எங்க சகோதரர்தான்."

"நம்ம ஆளுதான்," என்றார் தீபோ உடனே. "நல்லாச் சாப்பிடுவார்."

"நம்ம ஊரு சாமிதான்," என்று ஊர் முழுக்கச் சொன்னது, ஓர்சோ எல்லோருக்கும் மேலே இருந்து சொன்னார்.

"பேரு?" என்றார் ஆயர்.

விருந்தாளியிடம் பேர் கேட்பது அந்த மடத்தில் வழக்கமில்லை. கெர்வாஸ் வாயைத் திறந்தார். மூடினார். தீபோ கூரையைப் பார்த்தார். ஆயரின் ஒரு புருவம் மேலே போகத் தொடங்கியது.

அப்போது அந்தப் பெரிய ஆள் தன் பழைய தலைவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கெர்வாஸுக்குப் பக்கத்தில் வந்து, அந்த வரிசையில் தனக்கென்று ஒரு இடம் விலக்கிக்கொண்டு நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"வால்மோரி மடத்து இசம்பார்."